குன்றத்துப் பாதைகளும் குடிமக்கள் உரிமையும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் தேடுவார் பலர். மக்கள் காலால் தேய்த்த வழிகளில் தேடுவார் மிகச் சிலர். உப்பு விற்கச் சென்றவனும், மாடு ஓட்டிச் சென்றவனும், சந்தைக்குச் சென்ற பெண்ணும் நாள்தோறும் வைத்த அடிகளே காலப்போக்கில் பாதையாகின்றன. அவ்வாறு பிறந்த பாதைகள் எங்ஙனம் அழிகின்றன, எங்ஙனம் காக்கப்படுகின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு இங்கிலாந்தின் பீக் மலைநாடு நல்லதொரு பாடநூலாகும்.

மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய தொழில் நகரங்களுக்கு இடையே, பெரும்பாலும் டெர்பிஷயர் வட்டாரத்தில் பரந்து கிடப்பது பீக் மலைநாடு. அதன் வடபகுதி கருமை படர்ந்த மணற்கல் மேடுகளால் ஆனது. தென்பகுதி சுண்ணாம்புக்கற் குன்றுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்தது. இன்று இம்மலைகளில் சரளைக்கல் மிதிவண்டி என்னும் ஒருவகை வண்டியில் உலா வருவோர் பெருகியுள்ளனர். பந்தய வண்டியைப் போன்று கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும், கல்லையும் சேற்றையும் தாங்கும் அகன்ற டயரும் உடைய வண்டி அது. அதில் செல்வோர் பலர் காற்றுக்காகவும் காட்சிக்காகவுமே செல்கின்றனர். ஆயினும் அவர்தம் சக்கரங்கள் உருளும் வழிகள் பல நூற்றாண்டு வரலாற்றைத் தாங்கி நிற்பவை.

அவ்வழிகளுள் மூத்தது பொதிக்குதிரைப் பாதை. வண்டிகள் ஏற இயலாத செங்குத்துச் சரிவுகளில் உப்பும், ஈயமும், கம்பளியும் குதிரைகளின் முதுகிலேயே சென்றன. செஷயர் உப்பளங்களிலிருந்து கிழக்கு நோக்கி ஏறிய குதிரை வரிசைகளை நடத்திச் சென்றோர் ஜாகர் எனப்பட்டனர்; அப்பெயர் இன்றும் அங்குள்ள ஓர் ஓடைப் பள்ளத்திற்கு வழங்குகிறது. பனி மூடிய மேட்டில் வழி தவறுதல் உயிருக்கே கேடாகும். ஆகவே, தொலைவான இடங்களின் கூட்டுவழிகளில் வழிகாட்டிகள் நிறுவப்பட வேண்டுமென 1697ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகை செய்தது. அதன்படி நடப்பட்ட கற்றூண்களுள் பல, 1709 என்னும் ஆண்டு பொறிக்கப்பெற்று இன்றும் நிற்கின்றன.

பின்னர்ச் சுங்கம் பெற்றுப் பேணப்பட்ட சாலைகள் வந்தன. காசில்டன் என்னும் ஊருக்கு மேற்கே வின்னட்ஸ் கணவாய் உள்ளது. காற்றின் வாயில் என்பது அப்பெயரின் பொருள். அதன் கடுமையான ஏற்றத்தைத் தவிர்க்கும் பொருட்டு, 1819ஆம் ஆண்டில் மாம் டோர் மலைச்சரிவில் புதிய சாலை போடப்பட்டது. ஆனால் மென்பாறை அடுக்குகளால் ஆகிய அம்மலை ஓயாது சரிந்துகொண்டே இருந்தது. நடுங்கும் மலை என்று மக்கள் அதற்குப் பெயரிட்டது வீணன்று. செப்பனிட்டுச் செப்பனிட்டுச் சலித்தபின், 1979இல் அச்சாலை ஊர்திகளுக்கு நிலையாக மூடப்பட்டது. இன்று ஊர்திகள் பழைய கணவாய் வழியே ஏறுகின்றன. பிளந்து மடிந்து கிடக்கும் புதிய சாலையிலோ நடப்போரும் மிதிவண்டியினருமே செல்கின்றனர்.

இரும்புப் பாதையின் கதையும் இத்தகையதே. இரு கால்வாய்களை இணைப்பதற்காகக் குன்றுகளின் மேலேயே அமைக்கப்பட்ட கிராம்ஃபர்டு - ஹை பீக் இருப்புப்பாதை 1831இல் முழுமை பெற்றது. ஏற்றங்களில் ஓரிடத்தில் நிலைத்து நின்ற நீராவிப் பொறிகள் வண்டிகளைச் சங்கிலியாலும் வடத்தாலும் இழுத்தன. 1967இல் அப்பாதை மூடப்பட்டது. தண்டவாளம் அகன்ற இடத்தில் சரளை பரப்பப்பட்டது. இன்று நடப்போருக்கும் குதிரையேறுவோருக்கும் மிதிவண்டியினருக்கும் உரிய வழியாக அது விளங்குகிறது.

இனி, மிதிவண்டியினரின் கதைக்கு வருவோம். 1878இல் இங்கிலாந்தில் மிதிவண்டிப் பயணிகள் தமக்கெனச் சங்கம் கண்டனர். அக்காலச் சாலைகளின் புழுதியும் குழியும் அவர்களுக்குப் பெருந்துன்பம் தந்தன. எனவே 1886இல் மிதிவண்டி அமைப்புகள் சாலைச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, நல்ல சாலை வேண்டுமெனப் போராடின. அவர்கள் விரும்பியவாறே சாலைகள் பின்னாளில் வழவழப்பாயின. ஆனால் அச்சாலைகளைக் கைப்பற்றியவை மோட்டார் வண்டிகளே! நல்ல சாலைக்காக வாதாடியவரின் வழித்தோன்றல்கள் அமைதியை நாடி மீண்டும் கல்வழிக்கே திரும்பினர். 1955இல் லெம்ஸ்டர் நகரின் விடுதி ஒன்றில் கூடிய சிலர், கரடுமுரடான வழிகளில் செல்வதற்கெனவே ஒரு மிதிவண்டிக் கழகம் தொடங்கினர். சரளைக்கல் மிதிவண்டி என்னும் பெயர் புதிது. அதன் வேட்கை பழையது.

வேட்கை இருந்தது, உரிமை இருந்ததா? 1888ஆம் ஆண்டுச் சட்டம் மிதிவண்டியைச் சாலையில் செல்லும் வண்டியினத்துள் சேர்த்தது. அது சாலையில் பெருமையாயிற்று, குதிரைப்பாதையிலோ தடையாயிற்று. குதிரையேறியும் நடந்தும் செல்வதற்குரிய பாதையில் வண்டிக்கு உரிமை இல்லை அன்றோ?

மலை மேடுகளிலோ நடப்பவருக்கே இடமில்லாத நிலை இருந்தது. கிண்டர் ஸ்கௌட் என்னும் உயர்மேட்டை நிலக்கிழார்கள் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்திருந்தனர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர் தொழிலாளர் பலர் தடையை மீறி அம்மேட்டில் ஏறினர். அவர்களை நடத்திச் சென்ற பென்னி ராத்மனுக்கு அப்போது வயது இருபது. புகைவண்டி நிலையத்தில் காவலர் காத்திருக்க, அவர் அவர்களுக்கு அகப்படாமல் மிதிவண்டியிலேயே ஹேஃபீல்டு சென்று சேர்ந்தார். அவரும் தோழர் நால்வரும் சிறை புகுந்தனர். எழுபது ஆண்டுகள் கழிந்தபின், 2002இல், அந்நிலத்தை அன்று உடைமையாகக் கொண்டிருந்த டெவன்ஷயர் கோமகனின் பேரர் பொதுமக்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தார்.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது; 1951இல் பீக் மலைநாடு நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் மிதிவண்டிக்குக் குதிரைப்பாதைகளைத் திறந்துவிட்டது. நடப்பவருக்கும் குதிரையேறி வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்பதே அது விதித்த கட்டுப்பாடு. முன்வந்தோர்க்கு முதலுரிமை தந்து, பின்வந்தோர்க்கும் இடமளித்த அம்முறை போற்றத்தக்கது.

இங்குதான் வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பாதைகளை எல்லாம் அறுதி வரைபடத்தில் பதியுமாறு பணித்தது. ஊர் மன்றங்கள் தத்தம் பாதைகளைக் கணக்கெடுத்தன. சில பாதைகள் விடுபட்டன; பொதிக்குதிரைகள் காலங்காலமாக நடந்த வழிகள் சில வெறும் நடைபாதை எனக் குறிக்கப்பட்டன. குதிரை நடந்ததற்குக் குளம்பு தேய்த்த கல்லே சான்றாக இருப்பினும், வரைபடம் நடைபாதை என்றால் அங்கு மிதிவண்டிக்கு உரிமை இல்லை. ஓர் எழுத்தரின் பேனா ஒரு நூற்றாண்டின் வழக்கத்தை மறைத்துவிடக் கூடும்!

ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பது ஆங்கிலச் சட்டத்தின் தொன்மையான கோட்பாடு. ஆயினும் 2000ஆம் ஆண்டுச் சட்டம், பதியப்படாத பழைய பாதைகளுக்கு 2026ஐ இறுதிக் கெடுவாக வைத்தது. பின்னர் அக்கெடு 2031 வரை நீட்டிக்கப்பட்டது; அதனை அறவே நீக்கப் போவதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. இதற்கிடையில் ஓய்வுபெற்றோரும், குதிரையேறுவோரும், நடப்போரும், மிதிவண்டியினரும் ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து, நிலப் பங்கீட்டு ஏடுகளையும் பழைய வரைபடங்களையும் புரட்டி மறந்த பாதைகளை மீட்கலாயினர். பட்டம் பெறாத வரலாற்றாசிரியர்கள் இவர்கள்.

மேரி டௌன்லி என்னும் பெண்மணி, குதிரைப்பாதைகளின் சீர்கேட்டை உலகுக்கு உணர்த்த 1986இல் நார்தம்பர்லாந்திலிருந்து டெர்பிஷயர் வரை 250 மைல் குதிரையேறி வந்தார். அவர் பெயர் தாங்கிய 47 மைல் சுற்றுவழி 2002இல் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடில்லை. குதிரைக்காக அவர் வேண்டிய வழியில் இன்று மிதிவண்டிகளும் செல்கின்றன.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனின்று கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. நடவாத பாதையைப் புல் மூடும். எழுதாத பாதையைச் சட்டம் மறக்கும். நடப்பதும் எழுதுவதும் ஒருங்கே நிகழும் இடத்தில்தான் முன்னோர் வழி பின்னோர்க்கு உரிமையாகிறது.