தாளத்துக்கு முந்தும் விரல்

ஒரு நீர்த்தாரை ஐந்து மீட்டர் எழும்ப ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். இருபது மீட்டர் என்றால் இரண்டு விநாடி. பாட்டு அதுவரை நிற்காது. கோவையில் பம்பு வேலை கற்று, பிறகு இசை நீரூற்று மாட்டும் தொழிலுக்கு வந்தவன் நான். இத்தொழிலின் வரலாறே அந்த இரண்டு விநாடியோடு நடந்த மல்லுக்கட்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

வெர்சாயில் பதினான்காம் லூயிக்கு வேறு தொல்லை. ஸேன் ஆற்றில் 14 சக்கரங்களோடு 1684இல் மார்லி இயந்திரத்தை நிறுவியும் தண்ணீர் போதவில்லை. அரசர் நெருங்கினால் ஊற்றுக்காரர்கள் விசிலடித்துச் சேதி சொல்வார்கள். அடுத்தவர் வால்வைத் திறப்பார். பிந்தினால் அரசர் வறண்ட தொட்டியைத்தான் பார்ப்பார். 1929 பார்சிலோனா கண்காட்சிக்கு கார்லெஸ் புயிகாஸ் எழுப்பிய மாய நீரூற்றில் நீரும் வண்ண ஒளியும் மாறின, இசை கிடையாது. அது சேர்ந்தது 1980களில்தான். இசை இல்லாதவரை தண்ணீரின் தாமதம் யார் கண்ணிலும் படாது.

இசையோடு நீரை ஆடவிட்டுக் காசு பார்த்தவர், 1930களில் பெர்லினின் ‘ரெசி’ கேளிக்கைக் கூடத்தில் ஊற்று அமைத்த ஓட்டோ ப்ரிஸ்டாவிக். போருக்குப் பின், 1952இல் மேற்கு பெர்லின் தொழிற்கண்காட்சியில் அவருடைய ஊற்றைக் கண்ட ஹெரால்ட் ஸ்டைன்மன் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் ‘டான்ஸிங் வாட்டர்ஸ்’ என்ற பெயரில் அது ஆடியது. அதை இயக்கியது கருவி மேசை முன் உட்கார்ந்த ஒரு மனிதர். பாட்டு அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். நம் பாடகர்களின் அதீத எடுப்பு மாதிரி, தாளம் விழுமுன்பே அவர் விரல் விழ வேண்டும். இந்தத் தொழிலில் என் மரியாதை முதலில் அந்த விரலுக்குத்தான்.

பிறகு கணினி வந்தது. தினமும் பல காட்சி, ஒரே துல்லியம். முதலாளிகளுக்கு வேறென்ன வேண்டும்? 1998இல் திறந்த லாஸ் வேகாஸின் பெலாஜியோ ஹோட்டலில், அழுத்திய காற்றால் நீரைச் சுடும் குழாய்கள் வந்தன. ஆனாலும் மேலே போன நீர் உச்சியைத் தொட எடுக்கும் நேரத்தை எந்தக் காற்றும் குறைக்காது.

இன்று மால்காரர்கள் முதலில் கேட்பது உயரம். நான் முதலில் கேட்பது அங்கே வீசும் காற்று. பத்து மீட்டர் தாரை வேண்டுமானால், நாஸிலிலிருந்து தொட்டி விளிம்புவரை குறைந்தது பத்து மீட்டர் விடச் சொல்வேன். இல்லாவிட்டால் நனைவது வாடிக்கையாளர். போர்வெல் தண்ணீரின் உப்பு நாஸிலை அடைக்கும் என்றால் முகம் சுளிப்பார்கள். தாமதத்தைக் குறைக்க, பம்பை நிறுத்தாமல், நாஸிலுக்கு அடியிலேயே மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு வைப்போம். குழாய் நிறைந்தே இருப்பதால் தாரை உடனே கிளம்பும். மீதித் தாமதத்தைக் கணினியில் ஒவ்வொரு தாரைக்கும் தனியாக முன்தள்ளுவோம். அதனால்தான் திறப்பு விழாவுக்கு முதல்நாள் சினிமாப் பாட்டை மாற்றச் சொன்னால், ராத்திரி வேலைக்குத் தனி பில் போடுகிறேன்.