எட்டு மாசப் பிள்ளையும் இஞ்சு டேப்பும்



"ஏழு மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது" என்று பெரியவர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது நம் ஊர்ப் பேச்சு மட்டுமல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில், ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. இது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். "தங்காது" என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால் அந்தச் சிசுவுக்காக யார் ஓடுவார்கள்?

பேச்சை விட்டு அளவுக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன் பின்லாந்து மருத்துவர் ஆர்வோ இல்ப்போ 2500 கிராம் என்ற எல்லையை வைத்தார். 1948இல் உலக சுகாதார சபை அதை ஏற்றது. அந்த எடையும் அதற்குக் கீழும் இருந்தால் குறைமாதம் என்றார்கள். அதில் ஒரு குழப்பம். பத்து மாதம் நிறைந்தும் சில குழந்தைகள் சிறுத்துப் பிறக்கும். தாய்க்கு ரத்தசோகை, சத்துக்குறைவு இருக்கலாம். எனவே 1961இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, "எடை குறைந்த குழந்தை" என்று தனியே சொல்லச் சொன்னது. குறைமாதம் என்பது 37 வாரம் முடியுமுன் பிறப்பது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் இரண்டுக்கும் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

எல்லை கிடைத்தது, தராசுக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் நம் கிராமங்களில் பெரும்பாலும் வீட்டுப் பிரசவம். மருத்துவச்சியின் கையில் குழந்தையை நிறுக்கும் தராசு ஏது?

அதனால் டேப்பை எடுத்தார்கள். 1979இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவர்கள் பாத நீளத்தை அளந்து எழுதினார்கள். 1985இல் நம் தில்லியில் டாக்டர் எஸ்.கே.பார்கவா குழுவினர், மேல்கைச் சுற்றளவு 8.7 செ.மீ., மார்புச் சுற்றளவு 30 செ.மீ., இவற்றுக்கு மேல் போகாவிட்டால் எடை 2500 கிராமைத் தாண்டாதிருக்க வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். 1993இல் உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வும் மார்பளவையே சிறந்ததாகச் சொன்னது: 29க்குக் கீழே என்றால் பெரிய ஆபத்து, 29க்கும் 30க்கும் இடையில் என்றால் கவனம். 2010இல் தான்சானியாவில் பாதம் 8 செ.மீ.க்குக் குறைவா என்று பார்த்தார்கள்.

தலையை ஏன் அளக்கவில்லை? வயிற்றில் சத்து குறைந்தாலும் உடம்பு மூளையைத்தான் முதலில் காப்பாற்றும். கையும் மார்பும் இளைத்த பிறகும் தலை ஓரளவு வளர்ந்திருக்கும். அதனால் தலையளவு ஏமாற்றிவிடும்.

டேப் தராசுக்குச் சமமில்லை. நல்ல எடையுள்ள குழந்தையும் சிலசமயம் இதில் மாட்டும். மாட்டட்டும். ஒரு முறை வீணாக ஆஸ்பத்திரிக்குப் போவதால் நஷ்டமில்லை; சிறு குழந்தையைத் தவறவிட்டால்தான் நஷ்டம்.

இன்று ஆஸ்பத்திரிகளில் தராசு உண்டு. ஆனால் நம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். திடீரென்று அங்கேயே பிரசவமானால்? தையற்காரர் கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பின் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருக்கிறது. முலைக்காம்பு மட்டத்தில், இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். 30க்குக் குறைந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை துடைத்து, தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்துங்கள். குடிக்க முடிந்தால் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். இந்த அணைப்பு முறை 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாதபோது தொடங்கியது. இன்று உலகமே பின்பற்றுகிறது.

என் மாணவிகளில் நர்ஸாக இருப்பவர்கள் இதைப் படித்தால், சூளைப் பக்கம் போகும்போது பையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுங்களா. மற்றவர்கள், வீட்டில் யாராவது "எட்டு மாசம் தங்காது" என்றால் அன்போடு திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், ஊத்துக்கோட்டை