பேஸ்மென்ட் அடுப்பு: மரத்தூளின் கதை

கனடாவில் சொந்தக்காரர் இருக்கிற எங்கட வீடுகளில் 'பேஸ்மென்ட்' என்ற சொல் ஊர்ச்சொல் மாதிரியே புழங்குகிறது. போய் இறங்குகிற பலருக்கு முதல் வாடகை இருப்பிடமே அதுதான். ஆனால் வட அமெரிக்க வீடுகளில் அந்த நிலக்கீழ் அறைக்கு இதைவிடப் பழைய வேலையொன்று இருந்தது. வீட்டைச் சூடாக்கும் நெருப்பு அங்கேதான் இருந்தது. இன்று அங்கே பொருத்தப்படும் பெலட் அடுப்பின் வரலாற்றைப் பார்த்தால், எரிபொருள் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெரும்பாலான பேஸ்மென்ட்களில் எரிந்தது நிலக்கரி. பசிபிக் கரையோரத்து வடமேற்கில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. போர்ட்லன்ட், சியாட்டில், வன்கூவர் எல்லாம் மரக்காலைகளால் வளர்ந்த நகரங்கள். அங்கே மரத்தூளுக்குக் குறைவில்லை. லொறியில் வந்து இறங்கும் மரத்தூளை பேஸ்மென்ட்டில் குவித்து வைப்பார்கள். சூளைக்குப் பக்கத்தில் உள்ள புனல் போன்ற பெட்டியில் அதை நிரப்பிவிட்டால், அது தானாகச் சரிந்து நெருப்புக்குள் விழும். கரண்ட் தேவையில்லை. ஆனால் தூசியும், சேமிக்கப் பெரிய இடமும், ஒவ்வொரு நாளும் நிரப்புகிற வேலையும் வீட்டுக்காரர் தலையில்தான்.

1950களில் இது மெல்ல மறைந்தது. எண்ணெயும், 1956இல் குழாய்வழி வந்து சேர்ந்த இயற்கை எரிவாயுவும் வேலையை இலகுவாக்கின. மரக்காலைக் கழிவின் ஒரு பகுதியைக் காகித ஆலைகளும் மரத்துகள் பலகை ஆலைகளும் வாங்கத் தொடங்கின. மிச்சத்தை மரக்காலைகள் கூம்பு வடிவ இரும்புச் சூளைகளில் போட்டு வெறுமனே எரித்தன. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தபிறகு அந்தப் புகைக்கும் கட்டுப்பாடு விழுந்தது. கழிவு மறுபடியும் குவிந்தது.

அதற்குப் பிறகு வந்தது 1973இன் எண்ணெய் நெருக்கடி. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, அமெரிக்கச் சனம் விறகு அடுப்புக்குத் திரும்பியது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலப் புகை வெளியேற வழியில்லாமல் தேங்கியது. மரத்தூளை அழுத்திச் சிறு குச்சித் துண்டுகளாக்கும் தொழில் வளர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். இதற்குப் பசை தேவையில்லை. அழுத்தத்தில் உண்டாகும் வெப்பத்தில் மரத்திலுள்ள லிக்னின் இளகித் தூளை ஒட்டவைக்கிறது. முதலில் இவை ஆலைக் கொதிகலன்களுக்குத்தான் போயின. 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில், போயிங் நிறுவனத்தில் விமானப் பொறியியலாளராக இருந்த ஜெரி விட்ஃபீல்ட் இதை வீட்டு அடுப்புக்குள் கொண்டுவந்தார். 1988இல் விறகு அடுப்புப் புகைக்கு நாடு முழுவதற்குமான வரம்பு வந்தபோது, குறைந்த புகைவிடும் பெலட் அடுப்புக்கு மவுசு கூடியது.

இந்த அடுப்பில் ஒரு திருகுத்தண்டு பெலட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்துக்குள் தள்ளும். மின்விசிறி காற்றை ஊட்டிப் புகையை வெளியே அனுப்பும். பேஸ்மென்ட்டில் பொருத்துவதில்தான் சிக்கல். சுவருக்கு வெளியே மண் இருப்பதால் புகைக்குழாயை நேராக வெளியே விடமுடியாது. நிலமட்டத்துக்கு மேலே ஏற்றி, சுவரைத் துளைத்து, பனி மூடாத உயரத்தில், ஜன்னல்களுக்குத் தள்ளி முடிக்கவேண்டும். சூடான காற்று வீட்டின் மேற்பகுதிக்கு ஏறுவதால் கீழே காற்றழுத்தம் குறைந்திருக்கும். அந்த நேரம் விசிறி நின்றால் புகை அறைக்குள் திரும்பலாம். குழாயின் செங்குத்து உயரம் இயல்பான இழுவையைத் தந்து இதைக் குறைக்கிறது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுக்கத் தனிக்குழாயும், மணமோ நிறமோ இல்லாத காபன் மொனொக்சைட்டை எச்சரிக்கும் கருவியும் வைப்பது இதனால்தான். இத்தனைக்குப் பிறகும் 18 கிலோ பைகளைப் படியிறங்கிச் சுமப்பது மனிதர்தான். அங்கே ஒரு 'தொன்' என்றால் 50 பைகள்!

எண்ணெயிலிருந்து விடுபட வந்த அடுப்பு, இப்படிப் பெலட் ஆலையையும் மின்கம்பியையும் நம்பி நிற்கிறது. கரண்ட் போனால், பற்றரி இல்லாவிட்டால், அதுவும் போய்விடும். 2022இல் ரஷ்ய மரப்பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடைபோட்டபோது பல நாடுகளில் பெலட் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது.

அதே ஆண்டில் நாங்கள் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம். பவர் கட் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. தகரப் பேணிக்குள் நடுவில் போத்தலை வைத்து, சுற்றிவர மரத்தூளை இறுக்கி, போத்தலை உருவி எடுத்துக் கீழிருந்து பற்றவைக்கும் மரத்தூள் அடுப்பு எங்களுக்கும் தெரிந்ததுதான். அதில் புகை உண்டு, கண் எரியும், அதோடு நாள்முழுக்க மாரடிப்பது பெரும்பாலும் பெண்கள். ஆகவே பழசைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. புதுசாக ஓர் அடுப்பு வரும்போது எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்கிறோம். அதை எரியவைக்க யார் யாரை நம்பவேண்டும், அவர்கள் கைவிட்டால் அடுத்தது என்ன என்பதையும் சேர்த்துக் கேட்போம்.