செவிலியர் காலணியில் ஒரு கோடை

1964ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரையை நோக்கி ஒரு வோக்ஸ்வாகன் வேன் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் 21 வயதுப் பெண். பெயர் ராபர்ட்டா கிப். பாபி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். துணைக்கு ஒரு நாய்க்குட்டி. பகலில் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டுவார். பிடித்த இடத்தில் நிறுத்தி, இறங்கி, ஓட ஆரம்பிப்பார். ஒரு நாள் புல்வெளி, மறுநாள் மலைச்சரிவு. இரவில் திறந்தவெளியிலேயே படுத்துக்கொள்வார்.

ஊர் சுற்றல் போலத் தெரிந்தாலும், இது ஒரு பந்தயத்துக்கான பயிற்சி. அந்த ஏப்ரலில் அப்பாவுடன் பாஸ்டன் மாரத்தானை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார் கிப். ஓடுகிறவர்களைப் பார்த்ததுமே தானும் இதில் ஓட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார். ஓடியவர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பது அவர் கண்ணில் உடனே படவில்லை. அவருக்குப் பயிற்சியாளர் கிடையாது. வாரத்துக்கு எத்தனை மைல், என்ன வேகம் என்று சொல்லித்தரும் புத்தகம் கிடையாது. பெண்களுக்கான ஓட்டக் காலணிகூடக் கடையில் கிடையாது. செவிலியர்கள் நாளெல்லாம் நின்று வேலை பார்க்க அணியும் வெள்ளைத் தோல் காலணியை மாட்டிக்கொண்டுதான் ஓடினார்.

26.2 மைல், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட ஓர் உடலை எப்படித் தயார் செய்வது? கிப் கண்டுபிடித்த வழி எளிமையானது. இன்று ஓடிய தூரத்தைவிட நாளை கொஞ்சம் கூடுதலாக ஓடுவது. அடுத்த ஆண்டு வெர்மாண்ட் மாநிலத்தில் குதிரைகளுக்கான 100 மைல் நெடும்பயணம் ஒன்று நடந்தது. குதிரைகளோடு சேர்ந்து அவரும் ஓடிப் பார்த்தார். முதல் நாள் 40 மைல். இரண்டாம் நாள் இன்னும் 25 மைல் ஓடிய பிறகுதான் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது.

அதற்குப் பிறகு, 1966 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவிலிருந்து பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பம் கேட்டுக் கடிதம் எழுதினார். போட்டியின் இயக்குநர் வில் க்ளோனியிடமிருந்து பதில் வந்தது. பெண்களின் உடல் மாரத்தான் தூரத்தைத் தாங்காது, விதிகளும் அனுமதிப்பதில்லை. அன்றைக்கு அமெரிக்காவின் அமெச்சூர் தடகள ஒன்றியம் பெண்களுக்கு அனுமதித்திருந்த அதிகபட்சப் பந்தய தூரம் ஒன்றரை மைல். கடிதம் வந்தபோது கிப் ஒரே நாளில் 40 மைல் ஓடிக் காட்டியிருந்த பெண்.

முடியாது என்ற அந்த முடிவு எங்கிருந்து வந்தது? எந்தப் பரிசோதனைக்கூடத்தில் யார் அளந்து பார்த்தது?

பின்னோக்கிப் போவோம். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லை. ஸ்தமாத்தா ரெவித்தி என்ற ஏழைத் தாய், ஆண்களின் மாரத்தான் முடிந்த மறுநாள் தனியாக அதே பாதையில் ஓடினார். ஐந்தரை மணி நேரம் போல ஆனது. அரங்குக்குள் நுழைய அவரை விடவில்லை.

ஒலிம்பிக்கை உருவாக்கிய பியர் தெ கூபெர்தான் பெண்கள் போட்டியிடுவதைக் கடைசிவரை எதிர்த்தவர். அவர் கதவைத் திறக்க மாட்டார் என்று தெரிந்ததும், பிரான்ஸைச் சேர்ந்த அலிஸ் மில்லியா என்ற பெண் 1921இல் பெண்களுக்கென ஒரு சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கினார். 1922இல் பாரிஸில் பெண்கள் ஒலிம்பிக் நடத்தினார். அதில் 1,000 மீட்டர் ஓட்டமும் உண்டு. அந்த நெருக்கடியில்தான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளத்தில் இடம் கிடைத்தது. அதுவும் ஐந்தே ஐந்து போட்டிகளில். இந்தக் கஞ்சத்தனத்தைக் கண்டித்து பிரிட்டன் வீராங்கனைகள் போகவே மறுத்தார்கள்.

அந்த ஐந்தில் ஒன்று 800 மீட்டர். இறுதிச்சுற்றில் ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்று உலக சாதனை படைத்தார். அது 1944 வரை நின்றது. இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் கினுயே ஹிதோமி. 100 மீட்டரில் தோற்ற பிறகு, பழக்கமே இல்லாத 800 மீட்டரில் இறங்கி வெள்ளி வென்றவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்.

முடித்ததும் சிலர் களைத்துத் தரையில் உட்கார்ந்தார்கள், சிலர் படுத்தார்கள். முழு மூச்சில் 800 மீட்டர் ஓடிய யாரும் செய்வதுதான். ஆனால் பத்திரிகைகளில் வந்தது வேறு கதை. பதினோரு பெண்கள் ஓடியதாகவும், அதில் ஐந்து பேர் பாதியில் விலகிவிட்டதாகவும், பார்க்கவே பரிதாபமாக இருந்ததாகவும் எழுதினார்கள். ஓடியவர்கள் எத்தனை பேர் என்பதைக்கூட எண்ணிப் பார்க்காத செய்தி, பெண்ணுடலின் எல்லையைத் தீர்மானித்தது. 800 மீட்டர் நீக்கப்பட்டது. 1932இலும் 1936இலும் ஒலிம்பிக்கில் ஒரு பெண் தனியாக ஓட முடிந்த அதிகபட்ச தூரம் 100 மீட்டர். 200 மீட்டர் 1948இல்தான் வந்தது. 800 மீட்டர் திரும்பி வர 1960 ரோம் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 32 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் ஓடும் வயதைக் கடந்துவிட்டார்கள்.

இதோடு இன்னொரு காட்சியையும் வைத்துப் பாருங்கள். 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் தொராண்டோ பியெத்ரி முதலாவதாக அரங்கத்துக்குள் வந்தார். திசை தவறினார். பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்தி எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்ததால் தகுதியிழந்தார். மறுநாள் இங்கிலாந்து அரசி அலெக்சாண்ட்ரா அவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். ஆண்களுக்கு மாரத்தான் கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. விழுந்த ஆண் வீரனானான். உட்கார்ந்து மூச்சு வாங்கிய பெண் மருத்துவச் சான்றானாள். நீண்ட தூரம் ஓடினால் கருப்பை இறங்கிவிடும், பிள்ளை பிறக்காது என்ற பயமுறுத்தல்கள் இந்தச் சான்றின் மேல்தான் வளர்ந்தன. பெண்ணுடல் தாங்குமா என்று கேட்டவர்கள், வயல்வேலையையும் சுமை தூக்குதலையும் பிரசவத்தையும் அது தாங்குகிறதே என்று யோசிக்கவில்லை. கூலி கொடுக்காத உழைப்புக்கு வலிமை உண்டு, விருப்பத்துக்கு ஓடுவதற்கு மட்டும் வலிமை கிடையாது என்பதுதான் அந்த மருத்துவம்.

கிப்பின் கையிலிருந்த கடிதத்துக்குப் பின்னால் இத்தனையும் இருந்தது.

கடிதத்தைப் படித்த பிறகு அவருடைய ஓட்டத்தின் நோக்கம் மாறியது. அதுவரை அது அவருடைய சொந்த ஆசை. இனி அது ஒரு நிரூபணம். சான் டியேகோவிலிருந்து பேருந்து ஏறி, நான்கு நாள் பயணம் செய்து, போட்டிக்கு முந்தின நாள் மாசசூசெட்ஸில் பெற்றோர் வீட்டில் வந்து இறங்கினார். அப்பாவுக்குக் கோபம், மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார். அம்மாதான் காரில் ஏற்றிப் போய், போட்டி தொடங்கும் ஹாப்கின்டனில் இறக்கிவிட்டார்.

1966 ஏப்ரல் 19. உள்ளே கறுப்பு நீச்சலுடை, மேலே சகோதரரின் அரைக்கால் சட்டை, தலையை மூடும் நீலநிறச் சட்டை. காலில் ஆண்பிள்ளைகளுக்கான புதுக் காலணி. தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்துப் புதரில் ஒளிந்திருந்து, பாதிக் கூட்டம் கடந்ததும் உள்ளே புகுந்தார். சற்று நேரத்திலேயே பின்னால் வந்த ஆண்கள் இது பெண் என்று கண்டுகொண்டார்கள். புழுக்கம் தாங்கவில்லை, ஆனால் மேல்சட்டையைக் கழற்றினால் வெளியேற்றிவிடுவார்களே என்று கிப் தயங்கினார். அப்படி யாரும் செய்ய விடமாட்டோம் என்று கூட ஓடியவர்கள் தைரியம் சொன்னார்கள். சட்டையைக் கழற்றினார். செய்தி அவருக்கு முன்னால் ஓடியது. வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியை அடைந்தபோது அங்கே மாணவிகள் கூச்சலிட்டுக் காத்திருந்தார்கள்.

ஓடும்போது தண்ணீர் குடித்தால் தசை பிடித்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்ததால் வழியெங்கும் அவர் தண்ணீரே குடிக்கவில்லை. புதுக் காலணி கடித்துக் கடைசி மைல்களில் பாதமெல்லாம் கொப்புளம். சொல்லித்தர ஆளில்லாமல் பயிற்சி எடுத்ததன் விலை அது. அப்படியும் 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். ஓடிய ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். மாநில ஆளுநர் கைகுலுக்கினார். பிறகு, ஓடி முடித்தவர்களுக்குச் சாப்பாடு போடும் இடத்துக்குப் போனபோது, ஆண்களுக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். எண்ணற்ற வீடுகளில் சமைத்தவள் கடைசியில் சாப்பிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே ஓடியவளுக்கு அதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் தன் பெயரைக் கே.வி. ஸ்விட்சர் என்று எழுதி 261ஆம் எண் பெற்று ஓடினார். அதிகாரி ஜாக் செம்பிள் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்க முயன்ற புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அதே போட்டியில் எண் இல்லாமல் ஓடிய கிப், ஸ்விட்சருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே முடித்திருந்தார். இருவரில் யார் முதல் என்று மோதவிடுவது வீண். ஒருவர் உடலால் முடியும் என்று காட்டினார். இன்னொருவர் விண்ணப்பத்திலும் பதிவேட்டிலும் இடம் கேட்டார். இரண்டும் தேவைப்பட்டன. அந்தப் புகைப்படத்துக்குப் பிறகும் ஒன்றியம் செய்தது, ஆண்களோடு பெண்கள் ஓடுவதைத் தடை செய்ததுதான்.

1972இல் பாஸ்டன் மாரத்தான் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. எட்டுப் பெண்கள் ஓடினார்கள். நீனா குஸ்சிக் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாரத்தானில் ஒரு புது விதி. பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்பே தனியாகப் புறப்பட வேண்டும். துப்பாக்கி வெடித்தது. ஆறு பெண்கள் தொடக்கக் கோட்டில் அப்படியே உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும் எழுந்து ஓடினார்கள். ஓடுகிறவர்கள் உட்கார்ந்தே நடத்திய போராட்டம் அது.

ஒலிம்பிக் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. பெண்களுக்கான மாரத்தான் 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் முதன்முதலில் நடந்தது. தகுதிப் போட்டிக்கு 17 நாள் முன்பு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜோன் பெனாய்ட், 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம் வென்றார். ஆகஸ்ட் மாத வெயில். சுவிட்சர்லாந்தின் 39 வயது கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் அரங்கத்துக்குள் வந்தபோது வெப்பத்தால் உடல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. யாராவது தொட்டால் தகுதி போய்விடும். மருத்துவர்கள் அருகே நடந்தபடி, அவருக்கு இன்னும் வியர்க்கிறதா என்று கவனித்து, தொடர விட்டார்கள். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. 37ஆவதாக முடித்து விழுந்தார். சில மணி நேரத்தில் தேறினார்.

1928இல் நடக்காதது 1984இல் உண்மையாகவே நடந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனாலும் இந்த முறை பந்தயம் நீக்கப்படவில்லை. இடையில் மாறியது பெண்ணுடல் அல்ல. ஒரு பெண் தடுமாறினாலும் எல்லாப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப முடியாத அளவுக்கு, தெருவில் ஓடிய பெண்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பதக்கத்துக்கு ஓடியவர்கள் அல்லர்; வேலைக்குப் போகும் முன்போ பிள்ளைகள் எழும் முன்போ ஓடிப் பழகிய சாதாரணப் பெண்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. அதே 800 மீட்டர் தூரத்தில், 2006 தோஹா ஆசிய விளையாட்டில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தர்ராஜன் வெள்ளி வென்றார். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினப் பரிசோதனையில் தோற்றதாகச் சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2009இல் உலக சாம்பியனான தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கும் 800 மீட்டரில்தான் சோதனை தொடங்கியது. 2018இல் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு, இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள பெண்களுக்கு 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை கட்டுப்பாடு விதித்தது. 2023இல் அதை எல்லாப் போட்டிகளுக்கும் விரித்தது. அன்று பெண் என்பதால் ஓட முடியாது என்றார்கள். இன்று நன்றாக ஓடினால் நீ பெண்தானா என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளிலும் பெண்ணுடலுக்கு அளவுகோல் பிடிப்பவர் வேறொருவர்.

கிப்பின் மூன்று ஓட்டங்களையும் வெற்றிகளாகப் பாஸ்டன் தடகளச் சங்கம் ஏற்றுக்கொண்டது 1996இல். முப்பது ஆண்டு கழித்துப் பதக்கம் வந்தது. சிற்பியுமான அவர் வடித்த, ஓடும் பெண்ணின் சிலை 2021 முதல் ஹாப்கின்டனில் நிற்கிறது.

எனக்கு அந்தப் பதக்கத்தைவிட 1964 கோடை முக்கியமாகப் படுகிறது. அன்று பாராட்ட யாரும் இல்லை, படம் பிடிக்க யாரும் இல்லை. பெண்ணுடல் எவ்வளவு தூரம் போகும் என்று மருத்துவர்களும் அதிகாரிகளும் நடத்தாத ஆராய்ச்சியை, ஒரு பெண் செவிலியர் காலணியோடு தன் உடலிலேயே நடத்திக்கொண்டிருந்தார். இன்று நம்மில் ஒருத்தி பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மே மாத வெயில் ஏறும் முன் எழுந்து, போன வாரத்தைவிட ஒரு நிமிடம் குறைக்க முடியுமா என்று கணக்குப் போடுகிறாள் என்றால், அவளுக்கு நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. ஓட முடியுமா என்ற கேள்விக்கு அவளுக்கு முன்னால் ஓடியவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். சாந்திக்கான பதில் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.