குற்றமும் குலப்பழியும்

சிலப்பதிகாரத்தின் முகப்பில் அமைந்துள்ள உரைபெறு கட்டுரை ஒரு செய்தியைக் கூறுகிறது. கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்த பின்னர்ப் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் நோயும் சூழ்ந்தன. அப்போது கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினத்தைத் தணிவிக்கக் கருதிப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். அதன்பின் மழை பெய்தது என்பது அச்செய்தி.

சிலம்பைக் கவர்ந்து பொய்யுரைத்தவன் ஒரு பொற்கொல்லன். ஆராயாது ஆணையிட்டவன் ஓர் அரசன். ஆனால் தலை கொடுத்தவர்களோ, அவ்வொருவனின் தொழிலைத் தாமும் செய்தார்கள் என்பதன்றி வேறு குற்றம் அறியாத ஆயிரம் பேர். அவர்களுள் ஒருவருடைய பெயரும் காப்பியத்தில் இல்லை. கண்ணகியின் சினம் அறத்தின் பாற்பட்டது என்பதில் தமிழுலகம் ஐயுற்றதில்லை. எனினும், தீக்கடவுளை ஏவிய அந்த வேளையிலும் அவள் முதியோரையும் குழவியரையும் அறவோரையும் விலக்கி, தீத்திறத்தார் பக்கமே சேருமாறு பணித்தாள் என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். சினமுற்றவள் வகைபிரித்துப் பார்த்தாள். அவள் பெயரால் பலியிட்டவன் வகைபிரிக்கவில்லை.

குற்றம் கண்டு எழும் சினம், குற்றவாளி பிறந்த கூட்டத்தின்மீது வெறுப்புக் கொள்ளுவதற்கு நியாயமாகுமா என்னும் வினா அன்று தொட்டே தமிழ் மண்ணில் இருந்து வருகிறது. கொற்கை இன்று தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர். அதே மாவட்டத்தின் வடமேற்கில் கோவில்பட்டியும் அதனைச் சூழ்ந்த கரிசல் நிலமும் கிடக்கின்றன. கடந்த இருநூறு ஆண்டுகளில் இவ்வினா இந்நிலத்தையும் இதன் அண்டைப் பகுதிகளையும் பலமுறை உலுக்கியிருக்கிறது.

காவலும் களவும்

கரிசல் வானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து என விளைவன யாவும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. இத்தகைய நிலத்தில் ஒரு குடியானவனின் முதல் என்பது பெரும்பாலும் ஓர் இணை உழவு மாடுதான். ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டிய நாட்களில் அம்மாடு களவு போயிற்றென்றால், அவ்வாண்டின் விளைச்சலே களவு போயிற்று என்பது பொருள். களவு கொடுத்தவனின் சினத்தை எளிதாக எண்ணுவோர் இந்த மண்ணை அறியாதவர்களே.

இதனைத் தடுக்க எழுந்ததே காவல் முறை. பாளையக்காரர்கள் தேசகாவலும், ஊர்க் காவற்காரர்கள் தலக்காவலும் பார்த்தனர். திருநெல்வேலிச் சீமையில் மறவர்களும், மதுரைக்கு மேற்கில் கள்ளர்களும் இப்பணியில் பெரும்பங்கு வகித்தனர். விளைச்சலில் ஒரு பங்கு காவற்கூலியாகக் கிடைத்தது. பொருள் களவு போனால் காவற்காரன் மீட்டுத்தர வேண்டும்; இயலாவிடில் ஈடு தர வேண்டும் என்பது வழக்கம்.

1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்ததும் இம்முறையின் அடித்தளத்தைத் தகர்த்தன. பாளையக்காரரின் காவல் உரிமையைக் கும்பினியார் பறித்தனர். பின்னர் வந்த போலீஸ் துறை, ஊர்க் காவலையும் சட்டத்திற்குப் புறம்பானதாகவே நோக்கியது. ஆனால் காவலைக் கைவிட்டவர்களுக்கு நிலமோ வேறு தொழிலோ தரப்படவில்லை. காவற்கூலி சில இடங்களில் மிரட்டிப் பெறும் பணமாயிற்று. களவு போன மாட்டைக் கண்டுபிடித்துத் தரத் துப்புக்கூலி கேட்கும் வழக்கமும் பெருகிற்று. இவற்றால் குடியானவர்கள் துன்புற்றதும் உண்மை. இவற்றுக்கு வித்திட்டதில் அரசுக்குப் பங்கு உண்டு என்பதும் உண்மை.

1896: ‘பண்டு’ கற்பிக்கும் பாடம்

1896ஆம் ஆண்டில் திண்டுக்கல் பகுதியில் எழுந்த இயக்கம் இங்குக் கருதத்தக்கது. கள்ளர் காவலால் சலிப்புற்ற குடியானவர்கள் ஒன்றுகூடி, பொதுநிதி திரட்டினர். அந்நிதியிலிருந்து தாமே காவலர்களை அமர்த்திக்கொள்வதும், மாடு இழந்தவர்களுக்கு ஈடு கொடுப்பதும் நோக்கம். ‘பண்டு’ என்னும் சொல்லாலேயே அவ்வியக்கம் அறியப்பட்டது. அடி வாங்கியவர்கள் அடிக்காமலேயே தம்மைக் காத்துக்கொள்ள வகுத்த வழி அது. மிக நேரிய வழி.

ஆனால் இயக்கம் அவ்வளவில் நிற்கவில்லை. காவற்காரனை நீக்கியவர்கள், அடுத்துக் கள்ளர் குடிகளையே ஊரைவிட்டு விரட்ட முற்பட்டனர். வீடுகள் எரிந்தன. களவாடியவனும், அவனைக் கண்டே அறியாத அவன் சாதிக்காரனும் ஒரே நெருப்பில் வெந்தார்கள். களவை எதிர்த்துத் தொடங்கிய இயக்கம் கொள்ளிவைப்பில் முடிந்தபோது, குற்றம் இடம்மாறியதே தவிர ஒழியவில்லை.

களவு என்று சொல்லத்தக்க குற்றமே இல்லாதபோதும் இச்சினம் கிளர்ந்ததுண்டு. கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள கழுகுமலையில் 1895இல் தேர் வீதி குறித்து எழுந்த பூசலும், 1899 ஜூன் 6இல் சிவகாசியில் நிகழ்ந்த கொள்ளையும் அத்தகையவை. கோயில் நுழைவு கோரிய நாடார் சமூகத்தின்மேல் கொண்ட ஆத்திரம், அக்கோரிக்கையோடு தொடர்பற்ற எளிய குடும்பங்களின் கூரைகளையும் எரித்தது. பின்னர்ச் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் இக்காலத்தை விரிவாகப் பேசுவதை இலக்கிய அன்பர்கள் அறிவர்.

ஒரே ஆண்டில் இரு நீதி

மக்கள் கூட்டம் சினத்தால் செய்ததை, அரசு சட்டத்தால் செய்தது. 1871இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கள்ளர்கள், மறவர்களில் சில பிரிவினர், குறவர்கள் எனப் பல சமூகத்தார் அதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். 1929இல் ஆப்பநாட்டு மறவர்கள்மீதும் அது பாய்ந்தது.

மக்கள் இதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். பதிவு செய்யப்பட்டவர்கள் விரற்பதிவு தர வேண்டும். குறித்த வேளைகளில் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். தென் மாவட்டங்களில் ‘ராதாரிச் சீட்டு’ என்று இன்றும் முதியோர் நினைவிலிருப்பது அதுவே. வயது வந்த ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ குறித்த பொதுவிடத்திலோ படுத்துறங்க நேர்ந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியில் சேர்க்கவும் சட்டம் இடமளித்தது. இவையனைத்தினும் கொடிது ஒன்றுண்டு: ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்தால், அவ்வறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் வினவ முடியாது.

அதே 1911ஆம் ஆண்டு ஜூன் 17இல், கரிசல் நிலத்து மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கிலேய ஆட்சி அன்று அடைந்த சினம் சிறிதன்று. ஆயினும் அவ்வழக்கில் என்ன நடந்தது? ஐயத்தின்பேரில் பலர் துன்புறுத்தப்பட்டனர். இறுதியில் 14 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒவ்வொருவர்க்கும் எதிராகச் சாட்சியம் தேடப்பட்டது, வழக்கறிஞர்கள் வாதாடினர், சிலர் தண்டிக்கப்பட்டனர், சிலர் விடுவிக்கப்பட்டனர். வாஞ்சிநாதனின் ஊராரையோ குலத்தாரையோ குற்றப் பரம்பரையென அறிவிக்க வேண்டும் என்று அரசு கருதவில்லை.

ஒரு கலெக்டரின் கொலைக்கு ஆள் பார்த்து நீதி வழங்க முடிந்த அரசு, ஒரு மாட்டுக் களவுக்கு மட்டும் சாதி பார்த்து நீதி வழங்கியது. குற்றத்தின் கொடுமையன்று, குற்றம் சாட்டப்பட்டவரின் எளிமையே குலப்பழிக்கு அளவுகோலாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1920 ஏப்ரல் 3இல், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிர் நீத்தனர். மாகாணத்தில் களவைத் தடுக்க வந்த சட்டத்தின் பெயரால், களவே நிகழாத ஒரு காலைப் பொழுதில் சிந்திய குருதி அது.

ஊர் சுமந்த தண்டம்

குலப்பழியின் மற்றொரு வடிவம் ஊர்ப்பழி. 1908 மார்ச் 12இல் வ.உ.சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். நகராட்சி அலுவலகம் தீக்கிரையாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் மாண்டனர். கலகத்தில் ஈடுபட்டோர்மேல் வழக்குகள் நடந்தன. அத்துடன் அமையாது, திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊரார் தலையில் சுமத்தப்பட்டது. கல்லெறிந்தவனும் கதவடைத்து வீட்டிலிருந்தவனும் ஒருங்கே வரி கட்டினர். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரனாரை நினைந்து பெருமிதம் கொள்ளும் இவ்வட்டாரத்தார்க்கு, செய்யாத குற்றத்திற்குத் தண்டம் கட்டுவதன் கசப்பு புதியதன்று.

கொடியங்குளம்

விடுதலை வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1947இல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ப.ஜீவானந்தம், பி.ராமமூர்த்தி என வெவ்வேறு கொள்கையினர் அதற்கெதிராகக் குரல் கொடுத்திருந்தனர். 1952இல் நாடு முழுவதும் அது ஒழிந்தது. ஆயினும் அதன் மனப்பாங்கு ஒழிந்ததா?

1995 ஜூலையில் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. கொலைகளும் பதில் கொலைகளும் தொடர்ந்தன. ஆகஸ்ட் 31இல் பல நூறு போலீசார், ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியங்குளம் என்னும் தலித் கிராமத்திற்குள் புகுந்தனர். குற்றவாளிகளையும் ஆயுதங்களையும் தேடியதாகக் காவல்துறை கூறியது. வீடுகளில் உடைந்து கிடந்தவையோ தொலைக்காட்சிப் பெட்டிகள், தையல் இயந்திரங்கள், தானியக் குதிர்கள். கிழிந்தும் எரிந்தும் கிடந்தவை பள்ளிச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டுகள். குடிநீர்க் கிணறும் பாழாக்கப்பட்டதென மக்கள் முறையிட்டனர். அரசு அமைத்த கோமதிநாயகம் ஆணையம் போலீசாரின் பக்கமே பெரிதும் சாய்ந்தது. மக்களின் மனப்புண் ஆறவில்லை.

கொலை செய்தவனைத் தேடுவது காவல்துறையின் கடமை. ஆனால் ஒரு பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் எந்தக் கொலைக்கு உடந்தை? அயல்நாடு சென்று உழைத்தவன் வாங்கிவந்த தையல் இயந்திரம் எந்த ஆயுதச் சட்டத்தின்கீழ் வரும்?

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். ‘இழந்தவனுக்கே வலி தெரியும். நேற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் இன்று நடுநிலை பேசுவது கொடுமை. மேலும், குற்றவாளியை மறைத்து வைப்பது அவன் கூட்டந்தானே?’ என்பது அது. இம்மறுப்பைப் புறந்தள்ளலாகாது.

முதற்பகுதிக்கு விடை: வலியால் வாய்விட்டுப் பேசும் சொல்லை மன்னிக்கலாம், மன்னிக்கத்தக்கது வேறு, நியாயமானது வேறு. சாவு வீட்டில் சொன்ன சொல்லை ஊர்க்கூட்டத் தீர்மானமாக்குவதும், தீர்மானத்தைச் சட்டமாக்குவதும் வலியின் செயலல்ல. வலியைப் பயன்படுத்திக்கொள்வோரின் செயல். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர் எவரும் மாட்டைப் பறிகொடுத்தவர் அல்லர்.

இரண்டாம் பகுதிக்கு விடை: மறைத்து வைத்தவன் குற்றத்தில் பங்காளி, அவனைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே கூட்டுப் பொறுப்பை ஏற்றிருந்தது. பொது நோக்கத்துடன் கூடியவர்கள் ஒருவர் செயலுக்கு மற்றவரும் பொறுப்பு என்றது. ஆனால் அங்கும் கேட்கப்பட்ட கேள்வி ‘அங்கு இருந்தாயா, அந்நோக்கம் உனக்கும் உண்டா?’ என்பதே, ‘யார் வீட்டில் பிறந்தாய்?’ என்பதன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கிய பின்னர் 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய வழக்கக் குற்றவாளிகள் சட்டமும், அதன் குறைகள் எவ்வாறாயினும், தனிமனிதர் பெற்ற தண்டனைகளையே அடிப்படையாகக் கொண்டது. பிறப்பிலிருந்து செயலுக்கு நீதி நகர்ந்த அந்த ஓரடியே பெரும் பயணம்.

மற்றொன்றும் உண்டு. குலத்தைப் பழிக்கும் ஊரில் குற்றவாளியே தப்பித்துக்கொள்கிறான். தன்னைத் தேடி வருபவர்கள் தன் தெரு முழுவதையும் எரிக்க வருவார்கள் என்றால், தெரு முழுவதும் அவனைக் காத்து நிற்கும். ஒருவனை மட்டும் தேடி வருவார்கள் என்றால், அவனைக் காட்டிக் கொடுக்கவும் அங்கே ஒருவர் துணிவார். குலப்பழி அறத்திற்கு மாறானது மட்டுமன்று. துப்புத் துலக்குதலுக்கும் பகை.

நிறைவாக

கொலைபுரியும் கொடியோரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரிடைக் களை எடுத்தலோடு ஒப்பிட்டார் வள்ளுவர். கரிசல் காட்டில் களை வெட்டப் போகும் பெண்களுக்கு அவ்வுவமையின் முழுப்பொருளும் விளங்கும். களைகொத்தியை ஓங்கும் முன் குனிந்து பார்க்க வேண்டும். கம்பங்கன்றும் புல்லும் இளமையில் ஒன்றுபோலவே தோன்றும். பார்க்காமல் வெட்டுபவள் விரைவில் வேலை முடிப்பாள். ஆனால் அறுவடைக்கு ஒன்றும் இராது.

இவ்வட்டார வரலாற்றில் என்றும் அடித்தவர்கள், என்றும் அடிபட்டவர்கள் என்று எந்தக் கூட்டமும் இல்லை. ஒருகால் குலப்பழி சுமந்தோர் மறுகால் பிறர்மேல் அதைச் சுமத்தியிருக்கின்றனர். ஆதலால் இவ்வரலாற்றைக் கற்போர், தம் முன்னோர் எரியுண்ட பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொள்ளாமல், அவர்கள் கொள்ளி எடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். சினம் தகுமா தகாதா என்பது அப்போது பெரிய கேள்வியாக இராது. அச்சினம் யாரைத் தேடிச் செல்கிறது, வழியில் யாரை மிதித்துச் செல்கிறது என்பதே கேள்வியாக நிற்கும்.