கிரேக்கர் வீட்டு வெஞ்சனம்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "மன்னர், போர் எல்லாம் வேண்டாம்ப்பா, படிக்கிற மாதிரி எழுது" என்று உத்தரவு வேறு. ஆகவே சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். வாலிநோக்கத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை அறையில் பிரித்தேன். நாற்றம் என்று புகார் போய், கடைசியில் நானே அதைச் சுற்றுச்சுவருக்கு வெளியே வீசும்படி ஆயிற்று. அதன்பின் படிப்பு முடியும்வரை ஊரிலிருந்து ஒன்றும் கொண்டுவரவில்லை. "மெஸ்ஸிலேயே நல்லா போடுறாங்கம்மா" என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அந்த வருஷம்தான் வகுப்பில் பண்டைய கிரேக்கம். மாரத்தான், பெரிக்ளிஸ், சாக்ரடீஸ் எல்லாம் மனப்பாடம். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பாடத்திலும் இல்லை, நாமும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

கிரேக்கர்கள் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். வயிறு நிறைக்கும் தானிய உணவு 'சீத்தோஸ்'. அதற்குத் தொட்டுக்கொள்வது 'ஒப்சோன்'. நம் பக்கத்தில் சோறும் வெஞ்சனமும் என்கிறோமே, அச்சு அசலாக அதுதான். ஏழை வீட்டில் பெரும்பாலும் வாற்கோதுமை மாவைப் பிசைந்த 'மாசா'. கோதுமை ரொட்டி வசதிப்பட்டவர்களுக்கு. வெஞ்சனமாக ஆலிவ் காய், வெங்காயம், பாலாடைக்கட்டி, மீன். இறைச்சி நம் கிடாவெட்டு மாதிரி, பெரும்பாலும் பலி கொடுக்கும் நாளில்தான். ரொட்டியைக் குறைத்து வெஞ்சனத்தை அள்ளுகிறவனுக்கு 'ஒப்சோபாகோஸ்' என்று வசைப் பெயரே உண்டு. அப்படி ஓர் இளைஞனைச் சாக்ரடீஸ் பந்தியிலேயே கிண்டல் செய்ததை செனபோன் எழுதி வைத்திருக்கிறார். "சோத்தைத் தின்னுடா, வெஞ்சனத்தையே காலி பண்ணாதே" என்று அம்மா திட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஏதென்ஸ்காரர்களுக்கு மீன் என்றால் உயிர். இன்றைய கிரேக்க மொழியில் மீனுக்குப் பெயரான 'ப்சாரி' அந்த ஒப்சோன் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் ஆர்கெஸ்ட்ராட்டஸ், எந்த ஊரில் எந்த மீன் ருசி என்று ஒரு கவிதை நூலே எழுதினார். ஆனால் நல்ல பச்சை மீன் விலை அதிகம். சாமானியன் வாங்கியது 'தாரிகோஸ்'. உப்பிட்டுப் பதப்படுத்திய மீன். கருங்கடல் பக்கத்திலிருந்தெல்லாம் கப்பலில் வந்தது. அதாவது கருவாடு! புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மீனை உப்போடு வெயிலில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த 'காரோஸ்' என்ற சாறும் உண்டு. அந்த வாடைக்கு எங்கள் நெத்திலி சந்தனம்.

பின்னாளில், ரோமானியர் காலத்தில், இந்த ஜனங்கள் நம் கரைக்கும் வந்தார்கள். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை முகத்துவாரத்தில் இருக்கிறது அழகன்குளம். 1986 முதல் பல கட்டமாக நடந்த அகழாய்வுகளில் அங்கே ஆம்போரா என்ற இருபிடிச் சாடிகளின் ஓடுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த சாடிகளில் கோஸ் என்ற கிரேக்கத் தீவின் மதுச்சாடி வகை அதிகம். ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த சாடிகளும் உண்டு. கருவாடு காயும் கடற்கரைக்கு மீன் சாறு இறக்குமதி! திருநெல்வேலிக்கே அல்வா கொடுத்த கதை. யவனர் மதுவைப் புறநானூற்றில் நக்கீரரே பாடியிருப்பதால், மது நம்மவருக்கும் பிடித்திருந்தது என்று கொள்ளலாம். எண்ணெயும் மீன் சாறும் இங்கே தங்கிய யவனர்களுக்கே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' நூலில் முசிறித் துறைமுகச் சரக்குப் பட்டியல் வருகிறது. கப்பல்காரர்களுக்குப் போதுமான தானியம் கொண்டுபோக வேண்டும், அங்குள்ள வணிகர்கள் அதை உபயோகிப்பதில்லை என்கிறது நூல். அங்கேயும் அதே 'சீத்தோஸ்'தான். சுற்றிலும் அரிசிச் சோறு; அவர்களுக்குச் சொந்த ஊர் ரொட்டி வேண்டியிருந்தது. அவர்களையாவது யாரும் மூட்டையைக் கடலில் வீசச் சொல்லவில்லை.

அம்மா இப்போது இல்லை. பக்குவம் தங்கை கையில் இருக்கிறது. வாலிநோக்கத்தில் அரசு உப்பளமே இருப்பதால் உப்புக்குப் பஞ்சமில்லை. சந்திப்புக்கு வரும்போது நெத்திலியும் சீலாவும் ஒரு பொட்டலம் எடுத்து வருகிறேன். அன்று புகார் கொடுத்த நண்பர் அவசியம் வரவேண்டும். சோறும் ரசமும் அவர் ஏற்பாடு.