ஆற்காட்டு நவாபின் முழு உருவ ஓவியங்கள்

பாலாற்றங்கரையில் அமைந்த வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தின் வரலாறு இன்று பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிலை வைத்தே சொல்லப்படுகிறது; ஆனால் அத்தொழில் 19ஆம் நூற்றாண்டில் பெருகுவதற்கு முன் இந்நிலத்தின் வரிப்பணம் யாருக்குச் சேர்ந்தது, அது எதற்குச் செலவானது என்று தேடிச் செல்வோரை, ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா தம்மை வரையச் செய்த எண்ணெய்வண்ண ஓவியங்கள் நிறுத்திவிடும்.

1749இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் கொல்லப்பட, திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்ற முகமது அலி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்துணையால் பட்டத்தை நிலைநாட்டிக்கொண்டார். அந்தத் துணையின் செலவு கடனாக அவர் தலைமேல் ஏறியது. பின்னர் அவர் ஆற்காட்டைவிட்டுச் சென்னைச் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறினார்.

1769இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டில், 1774இல் வந்த ஜார்ஜ் வில்லிசன் ஆகிய பிரிட்டிஷ் ஓவியர்கள் இருவரும் அவரை வரைந்தனர். கையில் ஏந்திப் பார்க்கத்தக்க சிற்றோவியங்களில் முகத்தைப் பக்கவாட்டில் காட்டுவதே முகலாய மரபாக இருக்க, இவர்கள் ஆளுயரத் துணித்திரையில், பார்ப்பவரை நோக்கித் திரும்பிய முகத்துடன் நவாபை நிறுத்தினர். அவர் அணிந்திருக்கும் ஜாமா என்னும் நீண்ட மேலங்கி மெல்லிய வெண் மஸ்லினால் ஆனது. முத்துச் சரங்களும் உடைவாளும் அதன்மேல் துலங்குகின்றன. இங்கிலாந்தின் கனவான்கள் தம் செல்வமும் குடிப்பெருமையும் விளங்கும்படி வரையப்பட விரும்பிய காலம் அது. அந்த வழக்கம் இங்கே ஓர் அரசரின் தேவைக்குப் பயன்பட்டது.

இவற்றை வெறும் ஆடம்பரமாகக் கருதுவது நியாயமாகாது. ஓவியங்கள் லண்டனுக்குப் பரிசாகவும் சென்றன என்பதால், சென்னைக் கவர்னரைத் தாண்டி, பிரிட்டிஷ் மன்னருக்கு நிகரான அரசராகத் தம்மை முன்வைக்க நவாப் கையாண்ட அரசியல் கருவிகள் அவை என்றே கொள்ள வேண்டும். அந்த முயற்சியில் துணிவும் அறிவும் இருந்தன. அதைத் தாங்கும் பணபலம்தான் இல்லை. கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கிய கடனுக்கு மாவட்டங்களின் வரிவசூல் ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டது. அச்சுமை இறுதியில் உழவர்மீதே விழுந்தது. 1785இல் எட்மண்ட் பர்க் அந்தக் கடன்களைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கடுமையாகப் பேசினார். 1795இல் முகமது அலி மறைந்தார். 1801இல் வேலூரும் ஆம்பூரும் உட்பட ஆற்காட்டுச் சீமை முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது.